ஓடுபாதைகளில் ஒழுங்கை நிலைநாட்டிய வோலி பார்க்ஸ்

இளைஞர்களின் வேகம் எக்காலத்திலும் மூத்தோரின் கவலைக்குரிய விடயமாகவே இருந்து வருகின்றது. எமது நாட்டிலும் மாலை வேளைகளில் பிரதான வீதிகளில் மோட்டார் சைக்கிள்களைப் போட்டி போட்டு ஓட்டிச் செல்லும் இளைஞர்களைக் காணாத நகரம் இல்லை என்றே கூறலாம். விபத்தொன்று நிகழ்ந்து ஓர் உயிர் பறிபோன பின்னர் கண்டன அறிக்கைகள் வெளியாகின்றன. பொலிஸார் சில நாட்களுக்கு வீதிச் சோதனைகளைத் தீவிரப்படுத்துகின்றனர். பின்னர் அனைத்தும் பழைய நிலைக்குத் திரும்பி விடுகின்றன.

இதனையொத்த சூழ்நிலை சுமார் 75 வருடங்களுக்கு முன்னர் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலும் நிலவியது. தடையுத்தரவுகளால் மாத்திரம் அதனைத் தீர்த்துவிட முடியாது என்பதை உணர்ந்து, யுத்தம் முடிந்தபின் கைவிடப்பட்டுக் கிடந்த விமான ஓடுபாதைகளில் அதற்கொரு விடையைத் தேடியவர்கள் சிலர் அங்கு இருந்தனர். அவர்களுள் முதன்மையானவர் வோலி பார்க்ஸ். 2007 ஆம் ஆண்டு செப்டெம்பர் 28 ஆம் திகதி தமது 94 ஆவது வயதில் காலமான இம்மனிதரின் வாழ்க்கை, மோட்டார் பந்தயங்களில் நாட்டமில்லாதோரும் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்று என்பதே எமது கருத்தாகும்.

வோலி பார்க்ஸ் 1913 ஆம் ஆண்டு ஜனவரி 23 ஆம் திகதி ஒக்லஹோமா மாநிலத்தின் கோல்ட்ரி என்னும் சிற்றூரில் பிறந்தார். 1920களின் ஆரம்பத்தில் அவரது குடும்பம் கலிபோர்னியாவுக்கு இடம்பெயர்ந்தது. லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் மோட்டார் வாகனத்தைச் சுற்றி வளர்ந்து கொண்டிருந்த காலம் அது. போர்ட் நிறுவனத்தின் பழைய கார்கள் மிகக் குறைந்த விலையில் கிடைத்தன. கையில் அதிகம் பணமில்லாத இளைஞர்கள் அவற்றை வாங்கி, மட்காட்டையும் கூரையையும் கழற்றிப் பாரத்தைக் குறைத்து, இயந்திரத்தைத் தாமே மாற்றியமைத்து, புதிய கார்களையும் முந்திச் செல்லும் வாகனங்களாக உருவாக்கினர். பிற்காலத்தில் ஹொட் ரொட் என்ற பெயரால் உலகெங்கும் அறியப்பட்ட வாகனங்கள் இவைதான். பார்க்ஸும் இவ்விளைஞர்களுள் ஒருவராகவே வளர்ந்தார்.

அவ்வாறு உருவாக்கிய வாகனத்தின் வேகத்தைப் பரீட்சித்துப் பார்ப்பதற்கு அவர்களுக்குக் கிடைத்த இடம், லொஸ் ஏஞ்சல்ஸுக்கு வடக்கே மொஹாவி பாலைவனத்தில் இருந்த வற்றிய ஏரிப் படுகைகளாகும். அவற்றுள் முரொக் ஏரி பிரசித்தி பெற்றது. கோடை வெயிலில் காய்ந்து இறுகிய களிமண் தரை பல மைல்களுக்கு மேடுபள்ளமின்றி விரிந்து கிடந்தது. ஆரம்பத்தில் பல கார்கள் வரிசையாக நின்று ஒரே நேரத்தில் பாய்ந்து செல்வது வழக்கம். முன்னே செல்லும் காரின் புழுதியில் பின்னே வருபவருக்கு எதுவும் தென்படாது. இதனால் மோதல்கள் நிகழ்ந்தன. உயிர்களும் பலியாகின.

இந்நிலைக்கு முடிவு கட்டும் நோக்குடன் 1937 ஆம் ஆண்டு பல கழகங்கள் ஒன்றிணைந்து தென் கலிபோர்னிய நேரக்கணிப்புச் சங்கத்தை நிறுவின. அதில் அங்கம் வகித்த ரோட் ரன்னர்ஸ் என்னும் கழகத்தின் ஆரம்பகால உறுப்பினர்களுள் பார்க்ஸும் ஒருவர். வாகனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தனித்தனியே ஓட வேண்டும், ஓடுவதற்கு முன்னர் அவை பரிசோதிக்கப்பட வேண்டும், வேகம் கருவியினால் அளக்கப்பட வேண்டும் என்னும் நடைமுறைகள் படிப்படியாக வேரூன்றின. பின்னாளில் பார்க்ஸ் நாடு முழுவதற்கும் கொண்டு சென்ற ஒழுங்குமுறையின் வித்து இங்குதான் இடப்பட்டது எனலாம்.

முரொக் ஏரி இளைஞர்களின் கையில் நீண்டகாலம் நிலைக்கவில்லை. இராணுவ விமானப்படை அதனைக் குண்டுவீச்சுப் பயிற்சிக்கும், பின்னர் விமானங்களைப் பரீட்சிப்பதற்கும் எடுத்துக் கொண்டது. எட்வேர்ட்ஸ் விமானப்படைத் தளம் என்று இன்று அறியப்படுவது அவ்விடமே. விமானங்களுக்காக ஓர் ஏரியை இழந்த அதே இளைஞர்களுக்கு, யுத்தம் முடிந்த பின்னர் விமானங்கள் விட்டுச் சென்ற ஓடுபாதைகள் அடைக்கலமாக அமைந்தமை வரலாற்றின் விநோதங்களுள் ஒன்றாகும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னர் பார்க்ஸ் சவுத் கேட் நகரில் இருந்த ஜெனரல் மோட்டோர்ஸ் தொழிற்சாலையில் பணியாற்றினார். யுத்த காலத்தில் இராணுவ வாகனங்களை ஓட்டிப் பரீட்சிக்கும் வேலையில் ஈடுபட்டதுடன், இராணுவத்தில் இணைந்து தென் பசுபிக் பிரதேசத்திலும் சேவையாற்றினார். யுத்தம் முடிந்து திரும்பியதும் நேரக்கணிப்புச் சங்கத்தைப் புனரமைக்கும் பணி அவரது தோளில் விழுந்தது. 1946 இல் அவர் அதன் தலைவரானார்.

களத்திலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் வீடு திரும்பியிருந்தனர். இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் அறிவை இராணுவம் அவர்களுக்கு ஊட்டியிருந்தது. மரணத்தை அருகில் கண்டு வந்தவர்களுக்கு அமைதியான நகர வாழ்க்கை சலிப்பூட்டியதில் வியப்பில்லை. வற்றிய ஏரிகளுக்குச் செல்வதாயின் பாலைவனத்தைக் கடந்து நீண்ட தூரம் பயணிக்க வேண்டும். ஆகையால் இரவு வேளைகளில் நகர வீதிகளே பந்தயத் திடல்களாக மாறின. சமிக்ஞை விளக்கு பச்சையாக மாறியதும் அருகருகே நிற்கும் இரு கார்கள் பாய்ந்து புறப்படும் காட்சி சர்வசாதாரணமாயிற்று. விபத்துகள் பெருகின. பத்திரிகைகள் இவ்விளைஞர்களைக் குற்றவாளிகளாகவே சித்திரித்தன. இவர்களது வாகனங்களையே சட்டவிரோதமாக்க வேண்டும் என்ற குரல்களும் ஓங்கி ஒலித்தன.

பார்க்ஸ் இதற்கு முகங்கொடுத்த விதம் கவனத்துக்குரியது. அவர் இளைஞர்களின் தவறை நியாயப்படுத்தவில்லை. வீதியில் பந்தயம் ஓடுவோர் தமது பொழுதுபோக்குக்குத் தாமே குழி தோண்டுகின்றனர் என்பதில் அவர் தெளிவாக இருந்தார். அதேவேளை, அவர்களிடம் உள்ள தொழில்நுட்பத் திறனைச் சமூகம் கண்டுகொள்ளவில்லை என்ற ஆதங்கமும் அவருக்கு இருந்தது. எனவே 1948 ஜனவரியில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நேரக்கணிப்புச் சங்கம் ஒரு கண்காட்சியை நடத்தியது. இளைஞர்கள் கைப்பட உருவாக்கிய வாகனங்கள் அங்கு பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டன.

அக்கண்காட்சியை ஒட்டியே ரொபர்ட் பீற்றர்சன் என்ற இளைஞர் ஹொட் ரொட் என்னும் சஞ்சிகையின் முதலாவது இதழை விற்பனைக்கு விட்டார். 1949 இல் பார்க்ஸ் அச்சஞ்சிகையின் ஆசிரியரானார். அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் யூட்டா மாநிலத்தின் பொனவில் உப்புப் படுகையில் முதலாவது வேக வாரத்தை நடத்துவதற்கும் அவர் முன்னின்று உழைத்தார். ஆயினும் பொனவில் வெகு தொலைவில் இருந்தது. வருடத்துக்கு ஒரு தடவை நடைபெறும் அவ்விழா, வாரந்தோறும் வீதியில் இறங்கும் இளைஞனுக்குப் போதுமான மாற்றாக அமையவில்லை.

மாற்று வழியை யுத்தம் விட்டுச் சென்றிருந்தது. யுத்த காலத்தில் அமெரிக்கா முழுவதும் நூற்றுக்கணக்கான விமானத் தளங்கள் அவசர அவசரமாக அமைக்கப்பட்டன. யுத்தம் முடிந்ததும் அவற்றுள் பல உள்ளூர் நிர்வாகங்களின் கைக்கு வந்தன. கனரக விமானங்களைத் தாங்குவதற்கென இடப்பட்ட அகன்ற, நேரான, உறுதியான ஓடுபாதைகளில் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. வீடுகளோ பாதசாரிகளோ குறுக்குத் தெருக்களோ இல்லாத அவ்விடங்கள் பந்தயத்துக்கு மிகவும் ஏற்றவையாக இருந்தன.

1949 இல் சாண்டா பார்பரா நகருக்கு அருகே கொலீட்டா விமானத் தளத்தை அண்டிய பாதையில் இரு கார்களுக்கு இடையே நடைபெற்ற போட்டி, ஒழுங்கு செய்யப்பட்ட டிராக் பந்தயங்களின் தொடக்கமாகப் பலராலும் கருதப்படுகின்றது. அடுத்த ஆண்டு சாண்டா அனா விமான நிலையத்தின் பயன்படுத்தப்படாத ஓடுபாதையில் சி. ஜே. ஹார்ட் என்பவரும் அவரது சகாக்களும் வாராந்தப் பந்தயங்களை ஆரம்பித்தனர். நுழைவுக் கட்டணம் 50 சதம். பாப்பி ஹார்ட் என்று இளைஞர்களால் செல்லமாக அழைக்கப்பட்ட இவர் 2004 இல் காலமானார். அவரது மனைவி பெகியும் அதே ஓடுபாதையில் கார் ஓட்டிப் போட்டியிட்டவர் என்பது குறிப்பிடத்தக்கது.

டிராக் பந்தயத்தின் விதிகள் மிக எளிமையானவை. இரு வாகனங்கள் அருகருகே அசையாமல் நிற்கும். சைகை கிடைத்ததும் இரண்டும் புறப்பட்டு 1,320 அடி, அதாவது கால் மைல் தூரத்தைக் கடக்க வேண்டும். முதலில் எல்லையைத் தாண்டுபவர் வெற்றியாளர். தோற்றவர் வெளியேற, வென்றவர் அடுத்த சுற்றுக்குச் செல்வார். ஆரம்ப காலத்தில் சைகை காட்டுவதற்கு மின்விளக்குகள் இருக்கவில்லை. கொடியுடன் ஒருவர் இரு கார்களுக்கும் முன்னால் நின்று, துள்ளியெழுந்து அதனை உயர்த்துவார். 1963 இல் விளக்குக் கம்பம் அறிமுகமாகும் வரையில் இந்நிலை நீடித்தது. ஓடுபாதையின் எஞ்சிய நீளம் வாகனம் வேகத்தைக் குறைத்து நிற்பதற்கு உதவியது. பந்தயத்தின் பாதுகாப்பு பெரிதும் அந்த எஞ்சிய நீளத்திலேயே தங்கியிருந்தது.

இப்பந்தயங்களின் தனிச்சிறப்பு அவற்றில் பங்குபற்றியோரின் எளிமையில் இருந்தது. கிழமை நாட்களில் கராஜிலோ தொழிற்சாலையிலோ வேலை செய்தவர்கள், வார இறுதியில் தமது காரிலேயே பந்தயத்துக்கு வந்து, ஓடி முடித்து, அதே காரில் வீடு திரும்பினர். பரிசு பெரும்பாலும் ஒரு சிறு கிண்ணமே. ஒருவரின் உதிரிப்பாகம் உடைந்தால் அவருடன் போட்டியிட வேண்டியவரே தமது பெட்டியைத் திறந்து உதவும் பண்பும் அங்கு நிலவியது. இது முழுக்க முழுக்கப் பொழுதுபோக்காளர்களின் உலகமாகும்.

ஆனால் ஒவ்வோர் ஊரிலும் ஒவ்வொரு விதி இருந்தது. சில இடங்களில் விதியே இருக்கவில்லை. காப்புறுதி நிறுவனங்கள் பின்வாங்கின. நகர சபைகள் ஓடுபாதைகளை வழங்கத் தயங்கின. இக்குறையைப் போக்குவதற்காகவே 1951 இல் தேசிய ஹொட் ரொட் சங்கம் உருவாக்கப்பட்டது. பார்க்ஸ் அதன் தலைவரானார். தமது சஞ்சிகையின் பக்கங்களை அவர் இதற்கெனத் தாராளமாகப் பயன்படுத்தினார். கழகம் அமைப்பது எவ்வாறு, நகர அதிகாரிகளை அணுகுவது எவ்வாறு, வாகனத்தைப் பரிசோதிப்பது எவ்வாறு என்ற விடயங்கள் அதன்மூலம் நாடெங்கும் சென்றடைந்தன. பத்திரிகைத் துறையில் உள்ள நாம் இவ்விடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டியுள்ளது. இளைஞர்களைப் பற்றி எழுதுவோர் பலர். இளைஞர்களுக்காக எழுதி, அவர்களை வழிநடத்தியோர் சிலரே.

சங்கத்தின் முதலாவது உத்தியோகபூர்வப் பந்தயம் 1953 ஏப்ரலில் பொமோனா நகரின் கண்காட்சித் திடலில் நடைபெற்றது. அந்நகரின் பொலிஸ் பிரதானியாக இருந்த ரல்ப் பார்க்கர் இதற்கு நல்கிய ஒத்துழைப்பு மறக்கத்தக்கதல்ல. வீதியில் துரத்திப் பிடிக்க வேண்டிய இளைஞர்களைத் திடலுக்கு அழைத்து வருவதே சிறந்த வழி என்பதை அவர் ஏற்றுக்கொண்டார்.

மறு ஆண்டு பார்க்ஸ் மேற்கொண்ட முயற்சியே அவரது வாழ்வின் மிகப்பெரிய சாதனை என நாம் கருதுகின்றோம். நால்வரைக் கொண்ட ஒரு குழுவை அவர் நாடு முழுவதும் சுற்றி வர அனுப்பினார். அதற்குத் தலைமை வகித்த பட் கூன்ஸ் பொமோனா பொலிஸில் சார்ஜன்டாகக் கடமையாற்றியவர். பட் எவன்ஸ், எரிக் ரிக்மன், சிக் கெனன் ஆகியோர் ஏனைய மூவர். ஒரு காரும் அதன் பின்னே பூட்டப்பட்ட ஓர் இழுவை வண்டியுமே அவர்களது முழு உடைமை. நேரக்கணிப்புக் கருவிகள், ஒலிபெருக்கி, தொலைபேசிக் கம்பிகள் அனைத்தும் அவ்வண்டியில் இருந்தன.

ஊர் ஊராகச் சென்ற அவர்கள், கைவிடப்பட்ட ஓடுபாதையொன்றைத் தெரிவு செய்து, உள்ளூர்க் கழகத்தினருக்கு வாகனப் பரிசோதனை முதல் பார்வையாளரைத் தூர நிறுத்தும் முறை வரை அனைத்தையும் கற்பித்தனர். பந்தயம் முடிந்ததும் அடுத்த ஊருக்குப் புறப்பட்டனர். 1954 முதல் 1956 வரை மூன்று கோடைகாலங்கள் இப்பயணம் தொடர்ந்தது. அவர்கள் விட்டுச் சென்ற இடங்களில் உள்ளூர் மக்களே பந்தயங்களைத் தொடர்ந்து நடத்தும் நிலை உருவானது.

1955 இல் முதலாவது தேசியப் போட்டி கன்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் நகரில் நடைபெற்றது. யுத்த காலத்தில் பி-29 குண்டுவீச்சு விமானங்களின் குழுவினர் பயிற்சி பெற்ற தளம் அது. நகரங்களை அழிக்கச் செல்வதற்கென அமைக்கப்பட்ட ஓடுபாதையில், பத்து ஆண்டுகளுக்குப் பின்னர் இளைஞர்கள் தாமே உருவாக்கிய கார்களுடன் கூடினர். மழை குறுக்கிட்டதால் போட்டியை அங்கு நிறைவு செய்ய முடியவில்லை. அவ்வாண்டு நவம்பரில் அரிசோனா மாநிலத்தில் இறுதிச் சுற்று நடத்தப்பட்டு, கல்வின் ரைஸ் வெற்றியாளரானார். அதன் பின்னர் கன்சாஸ் சிற்றி, ஒக்லஹோமா சிற்றி, டெற்றோயிட் எனப் பல நகரங்களில் அலைந்த தேசியப் போட்டி, 1961 முதல் இண்டியானாபொலிஸில் நிலைகொண்டது.

பார்க்ஸ் விமர்சனங்களுக்கு அப்பாற்பட்டவர் அல்லர். 1957 இல் சங்கம் நைட்ரோமீதேன் போன்ற சக்திவாய்ந்த எரிபொருட்களைத் தடை செய்தது. ஓடுபாதைகளின் நீளத்துக்கும் தடுப்புகளின் வலிமைக்கும் மீறிய வேகத்தை அவை அளித்தன என்பதே காரணம். ஆனால் வேகத்தையே உயிராகக் கொண்ட பலர் இதனை ஏற்கவில்லை. பேக்கர்ஸ்பீல்ட் நகருக்கு அருகே பமோசோ என்ற இடத்திலிருந்த மற்றுமொரு பழைய விமானத் தளத்தில், 1959 இல் ஸ்மோக்கர்ஸ் கழகம் தடையைப் புறக்கணித்து நடத்திய போட்டி பெரும் கூட்டத்தை ஈர்த்தது. இறுதியில் 1960களின் முற்பகுதியில் சங்கம் தடையைத் தளர்த்த நேரிட்டது. விதிகளை வகுப்பவர் தமது மக்களை விட்டு வெகுதூரம் முன்னே செல்ல முடியாது என்ற பாடத்தை இச்சம்பவம் உணர்த்துகின்றது.

ஆசனத்தில் அமர்ந்து கட்டளையிடும் நிர்வாகியாக மாத்திரம் அவர் இருக்கவில்லை. 1957 இல் புளோரிடாவின் டேற்ரோனா கடற்கரையில் சடன்லி எனப் பெயரிடப்பட்ட பிளிமத் காரைத் தாமே ஓட்டி, மணிக்கு 160 மைலுக்கும் அதிகமான வேகத்தை அவர் பதிவு செய்தார். அப்போது அவருக்கு வயது 44. 1963 இல் சஞ்சிகைப் பணியிலிருந்து விலகிச் சங்கத்துக்கே முழுநேரத்தையும் அர்ப்பணித்தார். 1984 வரை தலைவர் பதவியில் இருந்தார். பெண்களுக்கான கதவும் அக்காலத்தில் மெல்லத் திறந்தது. 1965 இல் அனுமதிப்பத்திரம் பெற்ற ஷெர்லி மல்டவ்னி, 1977 இல் அதியுயர் பிரிவான டொப் பியூவலில் தேசியச் சம்பியனான முதல் பெண்மணியானார்.

காலப்போக்கில் பணம் வந்து சேர்ந்தது. 1975 முதல் 2001 வரை சங்கத்தின் பிரதான தொடருக்கு ஒரு சிகரெட் வர்த்தகப் பெயரே அனுசரணை வழங்கியது. இளைஞர்களின் உயிரைக் காப்பதற்கென ஆரம்பிக்கப்பட்ட அமைப்பு, புகையிலைப் பணத்தில் வளர்ந்தமை ஒரு முரண்பாடே. தொழில்முறை அணிகளின் செலவு, ஓய்வு நாளில் கார் திருத்தும் சாதாரண தொழிலாளியால் எட்ட முடியாத உயரத்துக்குச் சென்றது. சாதாரண போட்டியாளருக்கான பிரிவுகள் தொடர்ந்தபோதிலும், ஆரம்பகால ஓடுபாதைகளின் தோழமை அருகிவிட்டது என்ற மூத்தோரின் ஏக்கத்தில் நியாயம் உண்டு.

அந்த ஓடுபாதைகளும் ஒவ்வொன்றாக மறைந்தன. சாண்டா அனாவின் பந்தயங்கள் 1959 இல் நின்றன. அவ்விடம் இன்று ஜோன் வெய்ன் விமான நிலையமாகப் பரபரப்புடன் இயங்குகின்றது. பார்க்ஸின் மறைவுக்கு ஓராண்டு முன்னர், சங்கத்தின் ஆரம்பகால அலுவலகப் பணிகளில் அவருக்குத் துணைநின்ற மனைவி பார்பராவும் காலமாகியிருந்தார். 1998 இல் பொமோனாவில் திறக்கப்பட்ட பந்தய அருங்காட்சியகம் அவரது பெயரைத் தாங்கி நிற்கின்றது. தேசியப் போட்டிகளின் வெற்றியாளருக்கு 1969 முதல் வழங்கப்படும் கிண்ணமும் வோலி என்றே அழைக்கப்படுகின்றது.

ஆபத்து முற்றாக நீங்கிவிட்டது எனக் கூறுவதற்கில்லை. 2008 இல் ஸ்கொட் கலிட்டா என்ற முன்னணி வீரர் பந்தயத் திடலில் உயிரிழந்ததைத் தொடர்ந்து, அதிவேகப் பிரிவுகளுக்கான தூரம் 1,320 அடியிலிருந்து 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. வேகம் வளருந்தோறும் விதிகளும் திருத்தப்பட வேண்டும் என்ற பார்க்ஸின் அணுகுமுறை அவருக்குப் பின்னரும் தொடர்வதை இது காட்டுகின்றது.

பழைய விமானத் தளங்கள் பந்தயத் திடல்களாகியமை எமது பிராந்தியத்துக்கும் அந்நியமானதன்று. யுத்த காலத்தில் பிரித்தானியக் கடற்படையின் விமானத் தளமாக விளங்கிய களுத்துறை மாவட்டத்தின் கட்டுக்குருந்தையிலும், சென்னைக்கு அண்மையில் உள்ள சோழவரத்திலும் மோட்டார் பந்தயங்கள் நடைபெற்றுள்ளன. ஆகவே எமது மண்ணில் இது சாத்தியமற்றது என்று எவரும் வாதிட முடியாது.

எமது நாட்டின் ஒவ்வொரு நகரிலும் பந்தயத் திடல் அமைக்க வேண்டும் என்று நாம் கோரவில்லை. வீதிப் பந்தயம் ஓடுவோர் மீது சட்டம் பாய வேண்டியதும் அவசியமே. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி ஓர் இளைஞன் வீதியை விட்டு விலகும்போது, அவன் எங்கே செல்ல வேண்டும் என்பதையும் சமூகம் கூற வேண்டும். வோலி பார்க்ஸ் அதனைக் கூறியவர். இளைஞர்களைக் கண்டித்த அதே வேளையில் அவர்களுக்கென ஓர் இடத்தையும், அவ்விடத்துக்கென ஒரு விதியையும், அவ்விதியைக் கற்பிக்கச் சில மனிதர்களையும் அவர் தேடிக் கொடுத்தார். பொலிஸ் அதிகாரியும் கார் திருத்தும் இளைஞனும் ஒரே ஓடுபாதையில் இணைந்து பணியாற்ற முடியும் என்பது அங்கு நிரூபணமாயிற்று. எமது நகர சபைகளும் பிரதேச சபைகளும், தொழிற்பயிற்சி நிலையங்களும், பொலிஸ் திணைக்களமும் அடுத்த விபத்துச் செய்தி வருவதற்கு முன்னர் ஒரே மேசையில் அமர்ந்து இது பற்றிப் பேசுமாயின், சில பெற்றோரின் கண்ணீரையாவது தவிர்க்க முடியும்.